முந்துகிறவர்தான் ஒதுங்க வேண்டும்

நெடுஞ்சாலையில் ஓடும் லாரிகளின் முதுகில் 'சவுண்ட் ஹாரன்' என்று பெரிய எழுத்தில் எழுதியிருப்பதை எல்லோரும் பார்த்திருப்பார்கள். பின்னால் வருகிறவர் ஹாரன் அடிக்க வேண்டும், முன்னால் போகிறவர் ஒதுங்கி வழி விட வேண்டும். சாலையில் இதுதான் வழக்கம். ஒதுங்காவிட்டால் இன்னும் பலமாக அடிப்பார்கள். அதற்கும் அசையாவிட்டால் ஜன்னல் வழியாக ஒரு தலை வெளியே வரும், அப்புறம் அர்ச்சனை நடக்கும். யாருக்கு அவசரமோ அவருக்கே சாலை சொந்தம் என்ற மாதிரி ஓர் ஏற்பாடு.

கடலில் இது அப்படியே தலைகீழ்!

ஒரு கப்பல் இன்னொரு கப்பலை முந்த வேண்டுமானால், முந்துகிற கப்பல்தான் ஒதுங்கிச் சுற்றிப் போக வேண்டும். முன்னால் போகிற கப்பலின் வேலை, போகிற திசையிலேயே, போகிற வேகத்திலேயே போய்க்கொண்டிருப்பது. கடலிலும் ஹாரன் உண்டு. ஆனால் அது 'வழி விடு' என்ற அதட்டல் இல்லை, 'முந்தலாமா?' என்ற கேள்வி. பதில் வரும்வரை கேட்டவர் பின்னாலேயே காத்திருக்க வேண்டும்.

கேட்க எளிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் யார் யாரை முந்துகிறார் என்ற ஒரு கேள்வியை வைத்து லண்டனில் பிரபுக்கள் சபை வரைக்கும் வழக்கு நடந்திருக்கிறது. 'அவர் ஒதுங்குவார்' என்று இரண்டு கேப்டன்களும் ஒரே நேரத்தில் நினைத்ததால் முந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் ஒரே மதியத்தில் கடலில் போயிருக்கிறார்கள். அங்கே போவதற்கு முன்னால் விதியைக் கொஞ்சம் பார்த்துவிடலாம்.

உரிமை இல்லை, கடமை மட்டும்

கடல் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லை. அங்கே டிராஃபிக் போலீஸும் கிடையாது. ஒரு கப்பலை ஓட்டுகிறவர் பேசும் மொழி அடுத்த கப்பலில் இருப்பவருக்குத் தெரியும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. அதனால் எல்லா நாட்டுக் கப்பலுக்கும் பொதுவாக ஒரு விதித் தொகுப்பு இருக்கிறது. கடலில் மோதலைத் தவிர்ப்பதற்கான சர்வதேச விதிகள் என்று பெயர். 1972 அக்டோபரில் லண்டனில் ஏற்றுக்கொள்ளப்பட்டு, 1977 ஜூலை 15 முதல் அமலுக்கு வந்தது. மாலுமிகள் சுருக்கமாக 'கோல்ரெக்ஸ்' என்பார்கள்.

இதில் ஒரு சுவாரசியம். 'வழியுரிமை' என்று எல்லோரும் சாதாரணமாகப் பேசுகிறோமே, அந்தச் சொல்லே இந்த விதிகளில் கிடையாது. இந்தக் கப்பலுக்கு உரிமை என்று எங்கும் சொல்வதில்லை. இந்தக் கப்பல் விலக வேண்டும், அந்தக் கப்பல் திசையையும் வேகத்தையும் மாற்றக் கூடாது என்றுதான் சொல்கிறார்கள். அதாவது இரண்டு பேருக்குமே கடமைதான். காமர்ஸ் படிப்பவர்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், சொத்துப் பக்கமே இல்லாமல் பொறுப்புப் பக்கம் மட்டும் உள்ள பேலன்ஸ் ஷீட்!

முந்துவதைப் பற்றிப் பேசுவது 13ஆம் விதி. மற்ற எந்தப் பயண விதி என்ன சொன்னாலும் சரி, முந்துகிற கலம் முந்தப்படுகிற கலத்துக்கு வழிவிட்டு விலகிப் போக வேண்டும் என்பது அதன் சாரம். பொதுவாக இயந்திரக் கப்பல்தான் பாய்மரப் படகுக்கு வழி விட வேண்டும். ஆனால் நல்ல காற்றில் ஒரு பாய்மரப் படகு இயந்திரக் கப்பலை முந்துகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது அந்தச் சலுகை செல்லாது, பாய்மரப் படகுதான் ஒதுங்க வேண்டும். சின்னவர் பெரியவர், பாய்மரம் இயந்திரம் என்ற பேதமெல்லாம் முந்தும்போது கிடையாது.

அதென்ன 22.5 டிகிரி?

சரி, யார் முந்துகிறார் என்பதை எப்படி முடிவு செய்வது? நடுக்கடலில் கோடு போட்ட சாலையா இருக்கிறது? ஒரு கப்பல் பின்னாலிருந்து வருகிறதா, பக்கவாட்டிலிருந்து குறுக்கே வருகிறதா என்பதில் குழப்பம் வரலாம். குறுக்கே வருவதற்கு வேறு விதி. அதில், தன் வலப்பக்கத்தில் மற்ற கப்பலைக் காண்பவர் விலக வேண்டும்.

இதற்கு ஒரு கோணம் வைத்திருக்கிறார்கள். கப்பலின் நடுவில் குறுக்காக ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். அந்தக் கோட்டுக்கு 22.5 டிகிரிக்கு மேல் பின்னாலிருந்து நெருங்குகிற எந்தக் கப்பலும் முந்துகிற கப்பல்தான். 22.5 என்பது ஏதோ விநோதமான எண் போலத் தோன்றும். பழைய திசைகாட்டியில் வட்டத்தை 32 பங்காகப் பிரித்திருந்தார்கள். ஒரு பங்கு 11.25 டிகிரி. இரண்டு பங்கு 22.5. அந்தக் காலத்து மாலுமி 'ரெண்டு பாயிண்ட் பின்னால்' என்று சொன்னது இன்றைக்கும் அப்படியே நிற்கிறது.

இரவில் கோணம் அளக்க வேண்டிய அவசியமே இல்லை, விளக்கே சொல்லிவிடும். கப்பலின் இடப்பக்கம் சிவப்பு விளக்கு, வலப்பக்கம் பச்சை. ஒவ்வொன்றும் நேர் முன்பக்கத்திலிருந்து 112.5 டிகிரி வரைக்கும்தான் தெரியும். மீதி 135 டிகிரிக்குப் பின்பக்கத்து வெள்ளை விளக்கு. மூன்றையும் கூட்டினால் சரியாக 360. ஆகவே, முன்னால் போகும் கப்பலின் சிவப்பும் தெரியவில்லை, பச்சையும் தெரியவில்லை, பின்பக்கத்து வெள்ளை மட்டும் தெரிகிறது என்றால் பார்ப்பவர் முந்துகிறவர். சாலையில் சிவப்பு விளக்கைப் பார்த்தால் நிற்க வேண்டும். கடலில் தனியாக ஒரு வெள்ளை விளக்கு தெரிந்து, நெருங்கவும் செய்தால், ஒதுங்க வேண்டியவர் பார்க்கிறவராகத்தான் இருக்கும்.

அப்போதும் சந்தேகம் வந்தால்? முந்துவதாகவே எடுத்துக்கொள், அதன்படி நட என்கிறது விதி. கணக்குப் பதிவியலில் முன்னெச்சரிக்கைக் கோட்பாடு என்று ஒன்று உண்டு. வரக்கூடிய நஷ்டத்தை இப்போதே எழுதிவை, வரக்கூடிய லாபத்தை வந்த பிறகு எழுது என்பார்கள். இதுவும் அதே ஜாதிதான். சந்தேகம் இருந்தால் பொறுப்பைத் தன் கணக்கில் எழுதிக்கொள்ள வேண்டும்.

நாற்பது நிமிடப் பொறுமை

பஸ் ஒன்று லாரியை முந்த சில விநாடிகள் போதும். கப்பலுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு கப்பல் 15 நாட் வேகத்தில் போகிறது. பின்னால் வருவது 18 நாட். (ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர். அப்படிப் பார்த்தால் 18 நாட் என்பது டவுன் பஸ் வேகம்தான்.) இரண்டுக்கும் வித்தியாசம் 3 நாட். ஒரு கடல் மைல் பின்னால் இருக்கும் கப்பல் ஒரு கடல் மைல் முன்னால் போய்ச் சேர 2 மைல் கடக்க வேண்டும். 2 மைலை 3 நாட்டால் வகுத்தால் 40 நிமிடம்!

இந்த 40 நிமிடத்தில் என்னென்னவோ நடக்கலாம். மழை பிடிக்கலாம். எதிரே மூன்றாவதாக ஒரு கப்பல் வரலாம். பாதி முந்திய நிலையில் பக்கவாட்டுக்கு வந்துவிட்ட கேப்டன் ஒரு குறும்பும் செய்யலாம். 'இப்போது பின்னால் இல்லை, பக்கத்தில் இருக்கிறேன். ஆகவே இது குறுக்கே போகிற கேஸ். இனி அவர்தான் விலக வேண்டும்' என்று வாதாடலாம். இந்த ஓட்டையையும் 13ஆம் விதி அடைத்து வைத்திருக்கிறது. முந்த ஆரம்பித்த கப்பல், முழுதாக முந்தி விலகிப் போய்ச் சேரும்வரை முந்துகிற கப்பல்தான். நடுவில் கோணம் எப்படி மாறினாலும் பொறுப்பு மாறாது.

முந்தப்படுகிறவருக்கும் 17ஆம் விதிப்படி ஒரு வேலை உண்டு. திசையையும் வேகத்தையும் மாற்றாமல் இருக்க வேண்டும். 'சும்மா போவது ஒரு வேலையா?' என்று தோன்றலாம். ஒதுங்குகிறவர் போடும் கணக்கு முழுவதும் மற்றவர் மாறாமல் இருப்பார் என்பதை நம்பித்தான். நல்ல மனதோடு வழி விடுகிறேன் என்று நினைத்து இவர் இடது பக்கம் திருப்ப, அவரும் இடது பக்கமாகவே ஒதுங்க... குறுகிய சந்தில் எதிரெதிரே வரும் இருவர் ஒரே பக்கம் விலகி விலகி முட்டிக்கொள்வார்களே, அந்தக் கதைதான். ஆனால் இங்கே முட்டிக்கொள்வது ஆயிரக்கணக்கான டன் இரும்பு.

அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு போகவும் கூடாது. விலக வேண்டியவர் விலகவில்லை என்று தெரிந்தால் இவரும் நடவடிக்கை எடுக்கலாம். அவர் ஒருவர் முயற்சியால் மட்டும் மோதலைத் தவிர்க்க முடியாத அளவுக்கு நெருங்கிவிட்டால் கட்டாயம் எடுத்தே ஆக வேண்டும். 'விதிப்படி என் பக்கம்தான் நியாயம்' என்று சொல்லிக்கொண்டே மூழ்குவதற்கு விதியில் இடமில்லை.

குறிலும் நெடிலும்

இனி ஹாரனுக்கு வருவோம். விதியில் இதற்கு 'விசில்' என்று பெயர். ஆனால் காதில் விழுவது மில் சங்கு மாதிரி இருக்கும். ஆகவே சங்கு என்றே வைத்துக்கொள்ளலாம். இதற்கு இரண்டே எழுத்துதான். சுமார் 1 விநாடி ஊதினால் குறில். 4 முதல் 6 விநாடி ஊதினால் நெடில். தமிழ் இலக்கணத்தில் நெடிலுக்கு 2 மாத்திரைதான், கடலில் கொஞ்சம் தாராளம்!

விரிந்த கடலில் முந்துவதற்கு அனுமதி கேட்க வேண்டியதில்லை, ஒதுங்கிப் போய்க்கொண்டே இருக்கலாம். குறுகிய நீர்வழியில்தான் சிக்கல். முன்னால் போகும் கப்பல் கொஞ்சம் இடம் கொடுத்தால் ஒழிய முந்த முடியாது என்ற நிலை அங்கே வரும். அப்போது நடக்கும் உரையாடல் இப்படி:

நெடில், நெடில், குறில்: 'உங்கள் வலப்பக்கமாக முந்த நினைக்கிறேன்.'

நெடில், நெடில், குறில், குறில்: 'உங்கள் இடப்பக்கமாக முந்த நினைக்கிறேன்.'

நெடில், குறில், நெடில், குறில்: 'சரி, வாருங்கள்.' இது முன்னால் போகிறவர் சொல்லும் பதில்.

குறைந்தது ஐந்து குறில், படபடவென்று: 'நீங்கள் செய்வது புரியவில்லை' அல்லது 'இது ஆபத்து என்று சந்தேகப்படுகிறேன்.'

சம்மதம் சொல்லும் நெடில்-குறில்-நெடில்-குறில் என்பது மோர்ஸ் தந்தி முறையில் 'சி' என்ற எழுத்து. கப்பல் சமிக்ஞைகளில் அந்த எழுத்துக்கு 'ஆம்' என்று பொருள்.

பி.காம் படிக்கும் எவருக்கும் இதைப் பார்த்தவுடன் வணிகச் சட்டப் பாடம் நினைவுக்கு வந்துவிடும். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் முதலில் முன்மொழிவு, பிறகு ஏற்பு, இரண்டும் சேர்ந்தால்தான் உடன்பாடு. பேசாமல் இருப்பது ஏற்பு ஆகாது. இதற்கு உதாரணமாக வகுப்பில் சொல்லும் வழக்கு, 1862இல் இங்கிலாந்தில் நடந்த ஃபெல்ட்ஹவுஸ் எதிர் பிண்ட்லி. தன் சகோதரர் மகனின் குதிரையை வாங்க விரும்பிய ஒருவர், 'பதில் வராவிட்டால் குதிரை எனக்குத்தான் என்று எடுத்துக்கொள்வேன்' என்று கடிதம் எழுதினார். செல்லாது என்று சொல்லிவிட்டது நீதிமன்றம். கடலிலும் அதேதான். சங்கு ஊதிவிட்டேன், பதில் வரவில்லை, ஆகவே சம்மதம் என்று போக முடியாது. மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்பதெல்லாம் கல்யாணப் பேச்சுக்குத்தான் சரி.

ஒரு வித்தியாசம் உண்டு. வியாபாரத்தில் ஏற்பு கிடைத்ததும் இரண்டு தரப்பும் கடமையைப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். இங்கே முன்னால் போகிறவர் 'சரி' என்று சொல்லி இடம் கொடுத்த பிறகும், விலகி இருக்க வேண்டிய பொறுப்பு முந்துகிறவரிடமிருந்து போவதில்லை. 9ஆம் விதியே இதைத் தெளிவாகச் சொல்லிவைத்திருக்கிறது. 'நீங்கள்தானே வரச் சொன்னீர்கள்?' என்று பிறகு கைகாட்ட முடியாது.

சங்கின் குரலுக்கும் கணக்கு இருக்கிறது. 200 மீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ள கப்பலின் சங்கு 70 முதல் 200 ஹெர்ட்ஸ் வரை, அதாவது அடிவயிற்றிலிருந்து வரும் கட்டைக் குரல். 75 மீட்டருக்குக் குறைந்தால் 250 முதல் 700 ஹெர்ட்ஸ், கீச்சுக்குரல். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் வருவது யானையா ஆடா என்று காதே சொல்லிவிடும். பெரிய கப்பலின் சங்கு 2 கடல் மைல் தூரம் கேட்க வேண்டும். அவ்வளவு தூரத்தை ஒலி கடக்கவே சுமார் 11 விநாடி ஆகும். கேள்வி கேட்டு, அது போய்ச் சேர்ந்து, யோசித்து, பதில் ஊதி, அது திரும்பி வருவதற்குள் ஒரு நிமிடம் ஓடிவிடும்.

அமெரிக்காவின் உள்நாட்டு நீர்வழிகளில் மட்டும் வேறு முறை. முந்துவதற்கு ஒரு குறில் என்றால் வலம், இரண்டு குறில் என்றால் இடம். சம்மதமானால் அதையே திருப்பி ஊத வேண்டும். சர்வதேசக் கடலில் ஒரு குறில் என்றால் 'வலப்பக்கம் திரும்பிக்கொண்டிருக்கிறேன்' என்று அர்த்தம். ஒரே ஒலி ஓரிடத்தில் உத்தேசம், இன்னோரிடத்தில் செயல். எல்லைக் கோட்டைத் தாண்டும்போது மாலுமி மொழியையே மாற்றிக்கொள்ள வேண்டும்.

ஒலிம்பிக்கும் ஹாக்கும்

1911 செப்டம்பர் 20. இங்கிலாந்தின் சவுதாம்ப்டனிலிருந்து 'ஒலிம்பிக்' என்ற பயணிகள் கப்பல் நியூயார்க் நோக்கிக் கிளம்பியது. டைட்டானிக்கின் அக்கா. 269 மீட்டர் நீளம். கேப்டன் எட்வர்ட் ஸ்மித். அடுத்த வருடம் டைட்டானிக்கோடு மூழ்கிய அதே ஸ்மித்தான். வைட் தீவுக்குப் பக்கத்தில் சோலண்ட் என்ற குறுகிய நீர்வழியில் திரும்பும்போது, 'ஹாக்' என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலும் அதே திசையில் வலப்பக்கமாக வந்துகொண்டிருந்தது. இரண்டும் கொஞ்ச நேரம் பக்கத்தில் பக்கத்தில் ஓடின. ஒலிம்பிக் வேகம் எடுக்க எடுக்க, ஹாக் திடீரென்று இடப்பக்கம் திரும்பி ஒலிம்பிக்கின் பின்பகுதியில் முட்டியது. இரண்டு அறைகளில் தண்ணீர் புகுந்தது. நல்லவேளை, யாரும் சாகவில்லை.

போர்க்கப்பல் ஏன் தானாகத் திரும்பியது? இரண்டு கப்பல்கள் நெருங்கி ஓடும்போது நடுவிலுள்ள தண்ணீர் நெருக்கப்பட்டு வேகமாக ஓடும். வேகம் கூடினால் அழுத்தம் குறையும். வெளிப்பக்கத்து அழுத்தம் சின்னக் கப்பலைப் பெரிய கப்பலை நோக்கித் தள்ளிவிடும். முந்தும்போது இந்த ஆபத்து அதிகம், ஏனென்றால் இரண்டும் ஒரே திசையில் நெடுநேரம் பக்கத்திலேயே இருக்கும். அதனால்தான் ஒதுங்குவதென்றால் தாராளமாக ஒதுங்க வேண்டும், உரசிக்கொண்டு போகக் கூடாது.

வழக்கு நடந்தது. ஹாக்தான் பின்னாலிருந்து முந்தியது, ஆகவே அதுதான் விலகியிருக்க வேண்டும் என்றது ஒலிம்பிக்கின் உரிமையாளரான ஒயிட் ஸ்டார் நிறுவனம். இல்லை, இரண்டும் குறுக்கே சந்தித்த கப்பல்கள், வலப்பக்கம் ஹாக்கை வைத்திருந்த ஒலிம்பிக்தான் விலகியிருக்க வேண்டும் என்றது கடற்படை. நீதிமன்றம் கடற்படையின் பக்கம் நின்றது. மேல்முறையீடு 1914இல் பிரபுக்கள் சபை வரை போயும் தீர்ப்பு மாறவில்லை. ஆனால் அந்த நேரத்தில் ஒலிம்பிக்கை வழிநடத்தியவர் சட்டப்படி கட்டாயம் ஏற்ற வேண்டிய துறைமுக பைலட் என்பதால், ஹாக்கின் சேதத்துக்கு ஒயிட் ஸ்டார் பணம் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. தன் சேதத்துக்குப் பணம் வாங்கவும் முடியவில்லை. பெல்ஃபாஸ்ட்டில் ஒலிம்பிக்கைச் சரிசெய்ய ஆட்களைத் திருப்பியதில் டைட்டானிக்கின் வேலை தள்ளிப்போய், முதல் பயணமும் 1912 ஏப்ரல் 10க்குத் தள்ளிப்போனது. அதற்குப் பின் நடந்தது எல்லோருக்கும் தெரியும்.

க்வீன் மேரியும் குராக்கோவாவும்

ஒலிம்பிக் கதையில் இரும்புக்கும் பணத்துக்கும்தான் சேதம். அடுத்தது அப்படி இல்லை.

1942 அக்டோபர் 2. இரண்டாம் உலகப் போர். 'க்வீன் மேரி' என்ற 81,000 டன் பயணிகள் கப்பல் சுமார் 10,000 அமெரிக்கப் படைவீரர்களை ஏற்றிக்கொண்டு நியூயார்க்கிலிருந்து ஸ்காட்லாந்தின் க்ளைட் நோக்கி வந்துகொண்டிருந்தது. அயர்லாந்துக்கு வடக்கே அதற்குக் காவலாகச் சேர்ந்துகொண்டது 'குராக்கோவா' என்ற க்ரூசர். முதல் உலகப் போர்க் காலத்துப் பழைய கப்பல். விமானம் வந்தால் சுடுவதற்காக க்வீன் மேரியை ஒட்டியே போக வேண்டும்.

க்வீன் மேரியின் வேகம் 28.5 நாட். நீர்மூழ்கிகள் குறிபார்க்க முடியாதபடி அது வளைந்து வளைந்து போய்க்கொண்டிருந்தது. குராக்கோவாவால் சுமார் 25 நாட்தான் முடியும். ஆகவே அது நேர்கோட்டில் முன்னால் போய்க்கொண்டிருக்க, பெரிய கப்பல் வளைந்து வளைந்தே பின்னாலிருந்து மெல்ல மெல்ல எட்டிப் பிடித்தது. நல்ல பகல் வெளிச்சம். இரண்டும் ஒன்றையொன்று நன்றாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தன.

பின்னாலிருந்து வருவது க்வீன் மேரி, முந்துகிற கப்பல்தான் விலக வேண்டும் என்று குராக்கோவாவின் கேப்டன் நினைத்தார். காவல் கப்பல்தான் வளைந்து போகும் கப்பலுக்கு வழிவிட்டு விலகிக்கொள்ளும் என்று க்வீன் மேரியின் கேப்டன் நினைத்தார். க்வீன் மேரியின் பிரிட்ஜில் இருந்த ஓர் அதிகாரிக்குச் சந்தேகம் வந்து திருப்பத்தைக் குறைக்கப் பார்த்தார். காவல் கப்பல்காரர்களுக்கு இதெல்லாம் பழக்கம், அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று கேப்டன் சொல்ல, திருப்பம் தொடர்ந்தது என்று பிறகு விசாரணையில் வந்தது.

மதியம் 2 மணிக்குக் கொஞ்சம் மேல், க்வீன் மேரி குராக்கோவாவைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போனது. க்ரூசர் இரண்டு துண்டானது. சில நிமிடங்களில் மூழ்கியது. நீர்மூழ்கி ஆபத்து காரணமாக எதற்காகவும் நிற்கக் கூடாது என்பது க்வீன் மேரிக்கு இருந்த உத்தரவு. நசுங்கிய முகப்போடு அது போய்க்கொண்டே இருந்தது. தண்ணீரில் தத்தளித்தவர்களைத் தூக்க வேறு கப்பல்கள் வந்து சேரப் பல மணி நேரம் ஆனது. பிழைத்தவர்கள் சுமார் 100 பேர். இறந்தவர்கள் 330க்கும் மேல். போர் முடியும்வரை இந்தச் செய்தி வெளியே வரவே இல்லை.

போருக்குப் பின் கடற்படை நிர்வாகம் க்வீன் மேரியின் உரிமையாளர்கள் மீது வழக்குப் போட்டது. முதல் நீதிமன்றம் முழுத் தவறும் குராக்கோவாவுடையது என்றது. மேல்முறையீட்டில் மூன்றில் இரண்டு பங்கு குராக்கோவா, ஒரு பங்கு க்வீன் மேரி என்று மாறியது. 1949இல் பிரபுக்கள் சபையும் அதையே உறுதி செய்தது. (இரண்டு கப்பலும் தவறு செய்திருந்தால் சேதத்தைப் பாதிப் பாதியாகப் பிரிப்பதுதான் இங்கிலாந்தில் பழைய வழக்கம். தவறின் அளவுப்படி பிரிக்கும் சட்டம் 1911இல்தான் வந்தது.)

இந்தத் தீர்ப்பைக் கொஞ்சம் நிதானமாக யோசித்துப் பாருங்கள். முந்துகிறவர் விலக வேண்டும் என்ற விதி அன்றைக்கும் இருந்தது. ஆனால் ஒருவர் வளைந்து போகும்போது, இன்னொருவர் அவருக்குக் காவலாகப் போகும்போது, அது எப்படிப் பொருந்தும் என்று இரண்டு கேப்டன்களும் பேசி வைத்துக்கொள்ளவில்லை. அவரவர் மனதில் ஒரு பதில் இருந்தது. அடுத்தவர் மனதிலும் அதே பதில் இருக்கும் என்று நம்பினார்கள். ஃபெல்ட்ஹவுஸ் வழக்கில் மௌனத்தை ஏற்பு என்று எடுத்துக்கொண்டதற்குப் போனது ஒரு குதிரை. இங்கே போனது முந்நூறு குடும்பங்களின் பிள்ளைகள்.

இன்றைக்கு

இப்போது ரேடார் இருக்கிறது. பக்கத்துக் கப்பலின் பெயர், வேகம், திசை எல்லாவற்றையும் திரையில் காட்டும் கருவி இருக்கிறது. மைக்கை எடுத்துப் பேசினால் போதும், சங்கு எதற்கு என்று கேட்கலாம். பேசுவதிலும் ஆபத்து இருக்கிறது. இருட்டில் 'முன்னால் போகும் கப்பலே' என்று கூப்பிட்டால் பதில் சொல்வது வேறு ஏதோ கப்பலாக இருக்கலாம். இரண்டு பேருக்கும் அரைகுறை ஆங்கிலமாக இருக்கலாம். பேசிக்கொண்டிருக்கும்போது விலக வேண்டிய நேரம் ஓடிப்போகலாம். மோதலைத் தவிர்க்க ரேடியோவை நம்ப வேண்டாம், விதிப்படி நடந்துகொள்ளுங்கள் என்று பிரிட்டனின் கடல்சார் முகமையே மாலுமிகளை எச்சரித்திருக்கிறது.

உலக வணிகச் சரக்கில் 80 சதவீதத்துக்கும் மேல் இன்றும் கடல் வழியாகத்தான் போகிறது. கையிலிருக்கும் போனும், காரில் ஊற்றும் பெட்ரோலும் எங்கோ ஒரு கடலில் ஒரு கப்பல் இன்னொரு கப்பலை ஒழுங்காக முந்தியதால்தான் வந்து சேர்ந்திருக்கின்றன. அதை முந்தவைத்தவர் பெரும்பாலும் நடு இரவில் பிரிட்ஜில் நிற்கும் ஓர் இளம் அதிகாரியாக இருப்பார். முன்னால் போகிறவர் யார், எந்த நாடு, எந்த மொழி என்று அவருக்குத் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. தனியாக ஒரு வெள்ளை விளக்கு தெரிகிறது, ஆகவே விலக வேண்டியது தான் என்று தெரிந்தால் போதும்.

அந்த நான்கு ஒலிகளில் கடைசியாகச் சொன்ன ஐந்து குறிலை மறந்துவிட வேண்டாம். 'சரி' என்றோ 'முடியாது' என்றோ அது சொல்லவில்லை. 'நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள் என்று எனக்குப் புரியவில்லை' என்று வெளிப்படையாகச் சொல்கிறது. புரியவில்லை என்று சொல்வது கௌரவக் குறைச்சல் என்று நினைப்பவர்கள் கரையில் நிறைய. கடலில் அதைச் சொல்வது சட்டப்படி கடமை. சில விநாடிகள்தான் ஆகும்.